பெரிய எஸ்யூவி டயரைத் தின்கிறதா? பழைய டயரைத் தூக்கிப் போடாதீர்கள்

பின் சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் ஒட்டக் கழற்றியவர், டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி, உள்பக்கத்தை என் பக்கம் திருப்பினார். வெளியே நின்று பார்த்தால் பாதி ஆயுள்கூட முடியாத டயர். உள்விளிம்பிலோ ரப்பரே இல்லை. எஃகு இழைகள் மினுமினுத்தன. "இதுலயா சார் இவ்வளவு நாளும் ஹைவேல போனீங்க?" என்றார். அந்த டயர் ஓடியிருந்தது 17,000 கிலோமீட்டர்தான்.

அன்றைக்கே இரண்டு புது டயர் போட்டு, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) பார்த்து, பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த 11,000 கிலோமீட்டரில் திரும்பவும் அதே இடம், அதே இழை. டயரைத் தின்ற காரணம் வண்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு நான் புதுத் தீனி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். முதன்முதலாகப் பெரிய சொகுசு எஸ்யூவி வாங்கியவர்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க, எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். வரிசை முக்கியம். அலைன்மென்ட் முதல் படி இல்லை, ஆறாவது படி.

1. சீக்கிரம் தேய்கிறதா, சரியாகத்தான் தேய்கிறதா?

சிறிய காரிலிருந்து மாறி வந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி இது. முந்தைய காரில் ஒரு செட் டயர் 50,000, 60,000 என்று ஓடியிருக்கும். இங்கே 35,000-த்திலேயே மாற்றச் சொல்கிறார்கள். எல்லாமே கோளாறு இல்லை. வண்டியின் எடை 2,500 கிலோவுக்குப் பக்கத்தில். ஆளும் பெட்டியும் ஏறினால் 3,000. இன்ஜினின் முறுக்குவிசை பல மாடல்களில் 600 நியூட்டன் மீட்டருக்கு மேல். இவ்வளவையும் தரையில் தாங்குவது டயருக்கு ஒரு சிறிய நோட்டுப்புத்தக அட்டை அளவு ரப்பர். அதிலும் 21, 22 அங்குல வீலுக்கு வரும் டயர்கள் பெரும்பாலும் பிடிமானத்துக்காகச் செய்த மென்மையான ரப்பர். நான்கு டயரும் ஒரே சீராகத் தேய்ந்து 30,000 முதல் 40,000 வரை ஓடினால் வண்டியைக் குறை சொல்ல முடியாது.

அதனால் ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ட்ரெட் ஆழமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, பேனா அளவுதான். புது டயரில் வெட்டுப் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மி.மீ.; பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே மழையில் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஆக, நமக்குக் கிடைப்பது 5 மி.மீ. ரப்பர்தான். 10,000 கிலோமீட்டருக்கு 1 மி.மீ. போனால் 50,000 ஓடும். 10,000-க்கு 2.5 மி.மீ. போனால் 20,000-த்தில் முடிந்துவிடும். அங்கே ஏதோ இருக்கிறது.

ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம் அளக்க வேண்டும்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. நான்கு டயருக்கு 12 எண்கள். சராசரி போடாதீர்கள். டயருக்குள் எண்ணுக்கு எண் எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உள்விளிம்பை அளப்பது கொஞ்சம் சிரமம். முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுக் குனிந்தால் தெரியும். பின் சக்கரம் திரும்பாது. போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, டயருக்குப் பின்னாலிருந்து உள்பக்கமாக நீட்டிப் படம் எடுங்கள். வெறுங்கையால் தடவிப் பார்க்க வேண்டாம். கம்பி வெளியே வந்திருந்தால் விரலைக் கிழித்துவிடும். ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் தாங்கி நிற்கும்) வண்டியின் அடியில் தலையையோ தோளையோ நுழைக்கவே கூடாது. எதிர்பாராமல் வண்டி இறங்கக்கூடும்.

2. தேய்மானத்தைப் படிப்பது

தேய்ந்த செருப்பைப் புரட்டிப் பார்த்தால் அதைப் போட்டவர் எப்படி நடப்பார் என்று தெரிந்துவிடும். டயரும் அப்படித்தான்.

இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இந்த இரண்டும் எளிது, காற்றைச் சரி செய்தால் போதும்.

வெளிவிளிம்பு மட்டும், அதுவும் முன் சக்கரங்களில் போயிருந்தால், ஓட்டும் விதத்தையும் சந்தேகப்படுங்கள். உயரமான, கனமான வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பும்போது எடை முழுவதும் வெளிப்பக்க டயரின் தோளில் விழுகிறது. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறுக்கிப் பார்க்கிங் செய்யும் பழக்கமும் முன் டயரைத் தரையில் அரைக்கும்.

சில இடங்களில் மட்டும் குழி குழியாக, கரண்டியால் சுரண்டியது போல் இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது வீல் பேலன்சிங் சரியில்லை. இந்தக் குழி டயர் வேகத்தோடு கூடும் ஒரு ஊளைச் சத்தம் போடும். பலர் அதை வீல் பேரிங் என்று நினைத்து நல்ல பேரிங்கைக் கழற்றிவிடுவார்கள். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

அடுத்தது இறகுத் தேய்மானம். கம்பி எதுவும் வெளியே இல்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு, டயரின் குறுக்கே உள்ளங்கையை மெல்ல நகர்த்துங்கள். பூனையை முடிப்போக்கில் தடவினால் வழுக்கும், எதிர்ப்போக்கில் தடவினால் குத்திட்டு நிற்கும், இல்லையா? ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டயர் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் இழுபடுகிறது. டோ கோணம், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தப்பு.

கடைசியாக உள்விளிம்பு மட்டும் தேய்வது; காரணம் நான்காவது படியில் வரும். பெரிய எஸ்யூவிகளில் என்னைக் கேட்டால் இதுதான் முதல் சந்தேகம், ஏனென்றால் இதுதான் கண்ணுக்குத் தெரியாது. வண்டியைக் கழுவும்போதும் தெரியாது, காற்றுப் பிடிக்கும்போதும் தெரியாது.

இவை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, டயரின் உள்பக்கச் சுவரில் சாக்பீஸால் 'பின் இடது', 'பின் வலது' என்று எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு கழற்றச் சொல்லுங்கள். கழற்றியபின் எந்த டயர் எங்கே இருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

3. காற்று

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடியின் உள்பக்கம். அதில் உள்ளதுதான் உங்கள் அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டிக்கரில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என இரண்டு அளவுகள் இருக்கலாம். குடும்பத்தோடு பயணம் போகும்போது பின் சக்கரத்துக்கு அதிகக் காற்று தேவைப்படும் என்பதை மறந்துவிடுகிறோம்.

குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. மாறும். ஓடி வந்த சூட்டில் அளந்து, "அதிகமா இருக்கே" என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும்.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், பிறகென்ன என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது அழுத்தம் 25 விழுக்காடு குறைந்த பிறகுதான். 40 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 33-ல் ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு பேசாமல் இருக்கலாம். நைட்ரஜன் பற்றிக் கேட்பார்கள்: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். மாதம் ஒருமுறை சொந்த மானியால் பார்ப்பது அதைவிட மேல்.

4. உயரம்: ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் இங்கே நிதானியுங்கள்

என் வண்டியின் விடை இங்கேதான் இருந்தது. முந்தைய வேலை ஒன்றில் பின் ஏர் ஸ்பிரிங் மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு உயர சென்சாருக்கு 'இதுதான் சரியான உயரம்' என்று கம்ப்யூட்டரில் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்யவில்லை. பின்பக்கம் சுமார் 20 மி.மீ. தாழ்ந்தே ஓடியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், வண்டி கொஞ்சம் கம்பீரமாக நிற்பதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

வண்டி தாழும்போது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் அமைப்பினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. இதற்கு நெகட்டிவ் கேம்பர் என்று பெயர். உயரம் மாறினால் டோ கோணமும் சேர்ந்து நகரும். சாய்ந்த சக்கரத்தின் எடை உள்விளிம்பில் இறங்க, டோ அந்த விளிம்பைத் தரையில் தேய்க்கிறது. கேம்பர் மட்டும் என்றால் தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும். டோவும் கூட்டுச் சேர்ந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் காரியத்தை முடித்துவிடும்.

அளப்பது எளிது, ஒரு டேப் போதும். சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓட, சஸ்பென்ஷனைச் சாதாரண உயரத்தில் வைத்து, எல்லாக் கதவையும் மூடுங்கள்; கதவு திறந்திருந்தால் சில வண்டிகள் உயரத்தைச் சரிசெய்வதை நிறுத்திவிடும். வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். இடமும் வலமும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டாலோ, தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து விலகினாலோ, அலைன்மென்ட்டுக்குப் போகாதீர்கள். உயரத்தைக் கணினியில் சரிசெய்த பிறகு போங்கள்.

பல வண்டிகள் நெடுஞ்சாலை வேகத்தில் தாமாகவே 10, 20 மி.மீ. இறங்கும், ஸ்போர்ட் மோடிலும் இறங்கும். அது வடிவமைப்பிலேயே இருப்பது. ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று எப்போதும் தாழ்ந்த மோடிலேயே ஓட்டினால் உள்விளிம்புதான் விலை கொடுக்கும். வண்டியைத் தாழ்த்த, கடையில் வாங்கிய 'லோயரிங் லிங்க்' மாட்டியவர்கள் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

5. ஆட்டம் இருக்கிறதா?

அடியில் உள்ள இணைப்புகளில் ஆட்டம் இருந்தால், அதன்மேல் செய்யும் அலைன்மென்ட் மணலில் போட்ட கோடு. வண்டியைத் தூக்கும் முன் சஸ்பென்ஷனை ஜாக்கி மோடில், அதாவது தானாக உயரத்தை மாற்றாத நிலையில், வைக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் நீங்களே நினைவூட்டுங்கள். தூக்கிய பிறகு சக்கரத்தை மேலும் கீழும், கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். முன் சக்கரத்தை 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்பின் முனையான டை ராட் எண்ட்.

லோயர் ஆர்ம் புஷ், அதாவது கீழ் ஆர்மை வண்டியோடு இணைக்கும் ரப்பர், இப்படிப் பிடிபடாது. ரப்பர் கிழிந்திருந்தாலும் நிற்கும்போது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது 2,500 கிலோ முன்னால் தள்ள, சக்கரம் பின்னால் நகர்ந்து கோணம் மாறும். அலைன்மென்ட் மெஷினில் எல்லாக் கோணமும் பச்சை (அளவுக்குள்), ரோட்டில் டயர் போகிறது என்றால் புஷ்ஷைத்தான் முதலில் கேளுங்கள். கம்பியால் நெம்பிப் பார்த்தால் விரிசல் வாய் பிளக்கும்.

6. அலைன்மென்ட், ரிப்போர்ட்டோடு

"அலைன்மென்ட் பார்த்தாச்சு சார்" என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அச்சிட்ட ரிப்போர்ட் வேண்டும். அதில் 'முன்பு', 'பின்பு' இரண்டும் இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் இருக்க வேண்டும். எனக்கு முதல் தடவை கிடைத்ததில் முன் சக்கரத்தின் டோ மட்டும் இருந்தது. பின் சக்கரத்துக்கான கட்டங்கள் காலி. தேய்ந்தது பின் டயர்! அதை நான் கவனித்தது அடுத்த செட் டயரும் போன பிறகு.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது. பாதத்தை உள்ளே திருப்பி நடப்பவர், வெளியே விரித்து நடப்பவர் என்பது போல. எண்கள் மிகச் சின்னதாக இருப்பதால் அலட்சியம் வரும். ஒரு சக்கரத்தின் டோ வெறும் 0.1 டிகிரி தப்பு என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் இதுவே 6 நிமிடம் என்று இருக்கலாம்; 60 நிமிடம் ஒரு டிகிரி. கணக்குப் போட்டால் அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் 17.5 கிலோமீட்டர். உருளாமல், அழிரப்பரைப் போல அத்தனை தூரம் தரையில் தேய்கிறது.

பச்சை நிறம் வந்தால் போதும் என்று விடாதீர்கள். பச்சைக்கு ஒரு அகலம் உண்டு. இடது ஓரத்தில் ஒரு சக்கரமும் வலது ஓரத்தில் இன்னொன்றும் நின்றாலும் இரண்டும் பச்சைதான். இட வலம் சமமாகவும், குறித்த அளவின் நடுவுக்குப் பக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். 'த்ரஸ்ட் ஆங்கிள்' என்ற வரியையும் பாருங்கள்: அது பூஜ்யத்திலிருந்து விலகினால் வண்டி லேசாக நண்டு போல் கோணலாக ஓடுகிறது, ஸ்டியரிங்கும் நேராக நிற்காது.

தொடங்கும் முன்பே கேட்க வேண்டியவை: காற்று சரியாக இருக்கிறதா, சஸ்பென்ஷன் எந்த உயரத்தில், மெஷினில் ஏற்றியிருப்பது உங்கள் மாடலின் அளவுகள்தானா. சில தயாரிப்பாளர்கள் இருக்கையில் குறிப்பிட்ட எடை வைத்த பிறகே கோணம் பார்க்கச் சொல்கிறார்கள். சிலர் அளந்த உயரத்தைப் பொறுத்துக் கோணத்தை மாற்றச் சொல்கிறார்கள். கேட்டால் முகம் சுளிப்பவர் இருக்கிறார். வேறு கடைக்குப் போங்கள்.

"பின்னாடி அட்ஜஸ்ட் ஆகாது சார்" என்பது அடிக்கடி வரும் பதில். பல வண்டிகளில் ஆகும். திருப்ப வேண்டிய போல்ட் துரு ஏறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து திருப்பலாம், முடியாவிட்டால் போல்ட்டையே மாற்றலாம். வேலை கூடுதல் என்பதால் சொல்லப்படும் பதில் அது.

7. இப்போது புது டயர்

காரணம் சரியான பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும். அளவு 285/45 ஆர் 21 என்றால் அதன் பிறகு வரும் எண்ணையும் படியுங்கள். 113 என்பது சுமைக் குறியீடு: அந்த டயர் 1,150 கிலோ தாங்கும். 110 என்றால் 1,060 கிலோதான். அளவு பொருந்துகிறதே என்று குறியீடு குறைந்த டயரைப் போடுவது இந்த எடைக்கு ஆபத்து. 'எக்ஸ்.எல்.' என்ற குறி கூடுதல் சுமைக்கான கட்டுமானத்தைக் காட்டும். பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு 'எம்.ஓ.', ஆடிக்கு 'ஏ.ஓ.' என, அந்த வண்டிக்கென்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட டயர்களுக்குத் தனி அடையாளம் உண்டு. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்கள் பிறந்த தேதி: 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இரண்டை மட்டும் மாற்றலாமா? பழையது 3 மி.மீ., புதியது 8 மி.மீ. என்றால் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம். மேலே சொன்ன அளவு டயரில் தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று அதிகம் சுற்றும். அந்த ஐந்து சுற்றையும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள டிரான்ஸ்பர் கேஸ் விழுங்கியாக வேண்டும். அதன் விலையைக் கேட்டால் நான்கு டயர் மலிவாகத் தெரியும். எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்று உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். அதற்குள் இருந்தால் இரண்டு போதும்.

8. முதல் 5,000 கிலோமீட்டர்

வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றலாம்: பின்னால் இருப்பவை அதே பக்கம் முன்னுக்கு, முன்னால் இருப்பவை குறுக்காகப் பின்னுக்கு. சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாறக் கூடாது. முன்னுக்கு ஒரு அகலம், பின்னுக்கு வேறு அகலம் உள்ள வண்டியில் முன்பின் மாற்றவே முடியாது. அங்கே அலைன்மென்ட் இன்னும் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

போட்ட அன்றைக்கே 12 எண்களையும் ஓடோமீட்டரையும் எழுதிவையுங்கள். 1,000-த்தில் ஒருமுறை கண்ணால் பாருங்கள், 5,000-த்தில் திரும்ப அளந்து பாருங்கள். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்திருந்தால் 10,000 வரை காத்திருக்க வேண்டாம். பழைய ரிப்போர்ட்டையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பிப் போங்கள். என் நோட்டில் 5,000-த்துக்கான வரி இப்படி இருக்கிறது: பின் இடது, உள் 7.4, நடு 7.5, வெளி 7.5.